கூட்டுகிற கை

சவுண்ட் மிக்ஸரைக் கையில் எடுத்ததும் கனிராஜ் முதலில் பார்த்தது எடையைத்தான். எத்தனை சேனல், எத்தனை குமிழ், பின்பக்கம் எத்தனை துளை என்பதெல்லாம் அப்புறம். இரும்பு உடம்பு, இரண்டு கிலோவுக்குக் குறையாது, நாலு மூலையும் கூர். இதைத் தூக்கி ஒருத்தன் பொட்டில் ஒரு போடு போட்டால் அவனுக்கு ஐயோ என்று சொல்லக்கூட அவகாசம் இருக்காது என்று நினைத்தான். நினைத்து முடித்த பிறகுதான் தான் நினைத்ததே அவனுக்குத் தெரிந்தது, சாப்பிட்டு எழுந்த பிறகு சோற்றில் மயிர் கிடந்தது தெரிகிற மாதிரி. மெதுவாகக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான். வியாழக்கிழமை மத்தியானம். ரிச்சி தெருவில் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடிப்படி, படிக்குக் கீழே நிஜாமுதீன் பாயின் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். வருகிற வழியில் பைக்கில் போன ஒருத்தன் கண்ணாடியால் இவன் முழங்கையை இடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே அவன் மூக்கை உடைப்பதை கனிராஜ் நடந்தபடியே முழுசாகச் செய்து முடித்திருந்தான், எலும்பு நொறுங்குகிற சத்தம் வரைக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. அலுவலகத்தில் அவனைப் பற்றி, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பையன் என்பார்கள். பேச்சும் அப்படித்தான், எதிரே இருப்பவன் காதை முன்னால் கொண்டுவர வேண்டும். "எதுக்கு தம்பி வேணும்? சர்ச்சுக்கா, கச்சேரிக்கா, யூடியூப்புக்கா?" என்று பாய் கேட்டபோது இவன் சொன்ன பதில் அவருக்கு எட்டவில்லை. "காதுல வுழற மாதிரி சொல்லுப்பா. சத்தத்துக்கு சாமான் வாங்க வந்துட்டு ரகசியம் பேசறியே."

இவன் மறுபடி சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் ஓர் ஓவியக் கூடத்தின் பின்னறையில் நிகழ்ச்சி, முப்பது பேர் வருவார்கள், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக ஒரு மிக்ஸர் வேண்டும், ஆனால் நன்றாக ஊளையிட வேண்டும். பாய் காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டார். "ஊளை வரக்கூடாதுன்னு சொல்லு." "இல்ல பாய். வரணும்." உள்ளே சாலிடர் வைத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் தலையைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தக் கடையில் ரிப்பேர் பார்க்கிறவர், கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியால் ஒரு கண் மட்டும் ஆட்டுக்கண் மாதிரி பெரிசாக இருந்தது. "ஏம் பாய், தண்ணி நல்லா கலந்த பாலா பாத்துக் குடுன்னு பால்காரன்கிட்ட கேக்கற மாதிரி இல்ல இருக்குது?" பாய் சிரித்தார். சிரிக்கட்டும். கனிராஜ் செய்வது அதைத்தான். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, அவன் பக்கத்தில் மைக்கும் கிடையாது. மிக்ஸரிலிருந்து வெளியே போகிற ஒயரை எடுத்து மறுபடி அதன் வாயிலேயே செருகிவிடுவான். தன் சத்தத்தைத் தானே குடித்து அது முதலில் முனகும், அப்புறம் சீறும், குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் பன்றியின் கழுத்தில் கத்தி இறங்குகிற சத்தம் வரும். மேடைக்காரர்கள் எல்லாம் எதைக் கண்டு பதறுகிறார்களோ அதை மட்டும் வைத்து நாற்பது நிமிஷம். அதில், கூடச் சேர்ந்து வாசிக்கிற மெர்லினின் குரலும், அவள் எவர்சில்வர் தட்டில் ஒட்டவைக்கிற சின்ன மைக்கும் சேரும். மெர்லின் வந்தால். வருவாளா என்பது இந்த மிக்ஸரில் இருக்கிறது என்று காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தான். இதில் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பெட்டிமேல் மூன்று இருந்தன. பிஸ்கட் பாக்கெட் அளவில் ஒரு பிளாஸ்டிக், பவர்பேங்கிலேயே ஓடும். செகண்ட் ஹேண்டில் வந்த இந்த இரும்பு, குமிழ்கள் இறுகிப்போய், திருப்பினால் கரகரவென்று இழுக்கும். மூன்றாவது புதுசு, ஊளை கிளம்பினால் அதுவே மோப்பம் பிடித்து அமுக்கிவிடும் என்றார் பாய் பெருமையாக. தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிற மிக்ஸர். அது வேண்டாம் என்று சட்டென்று தள்ளி வைத்தான். வைத்துவிட்டு, ஏன் வேண்டாம், அதுதானே உனக்கு வேண்டும் என்று ஒரு குரல். அது மெர்லினுடைய குரல் மாதிரியே இருந்தது.

பழைய மிக்ஸரை உடைத்தது அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம், இரண்டு பேரும் இருக்கிற சைதாப்பேட்டை வீட்டின் முன்னறையில். மொசைக் தரையில் ஒருமுறை, அது இரண்டாகாததால் இன்னொருமுறை. குமிழ்கள் கழன்று நாலு பக்கமும் உருண்டன. ஒன்று இன்னும் பீரோவுக்கு அடியில் கிடக்கிறது, குனிந்தால் தெரிகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. அதற்கு முன்னால் நடந்தது என்னவென்றால் ஒன்றுமில்லை, ஒத்திகை நடுவில், மிக்ஸர் முனகிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பேச்சு. "ஒவ்வொரு தடவையும் என் குரல் மேல வர்ற நேரம் பாத்து நீ கூட்டுற, கவனிச்சிருக்கியா?" என்றாள். இல்லையே என்றான். "ரெக்கார்டிங் இருக்கு, போட்டுக் காட்டட்டுமா?" என்று எழுந்தாள். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தான் என்பது அவன் சொல்கிற சொல். முறுக்கினான். நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி, அதே மாதிரி, உள்ளே எலும்பு எலும்பின்மேல் ஏறி இறங்குவது அவன் விரலுக்குத் தெரிந்தது, தெரிந்தும் இன்னும் கொஞ்சம். அவள் கத்தினாள். அப்போது அவன் இடது கை போய், மொத்தச் சத்தத்தையும் ஆளுகிற மாஸ்டர் குமிழைக் கூட்டியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வேலைக்காரனின் கை மாதிரி, பழகிய கை மாதிரி, அவசரமில்லாமல், அவள் சத்தம் அமுங்குகிற மட்டுக்கு, அதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை, சரியாக அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா, "சத்தத்தக் கொறைங்கப்பா, பாட்டா இது" என்று கத்தியது கேட்டது. மெர்லின் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. பெரம்பூரில் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்து மெர்லின் ஒரு செய்தி அனுப்பினாள். "முறுக்குனது கோவம்னு நீ சொல்லுவ. நான் அதை ஏத்துக்கல, ஆனா என்னன்னு எனக்குப் புரியுது. இன்னொரு கை ஏன் வால்யூமைக் கூட்டுச்சு? அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அப்புறம்தான் சனிக்கிழமை, அப்புறம்தான் மத்ததெல்லாம். மிக்ஸரை உடைச்சது நான், ஆனா நான் வாங்கித் தர மாட்டேன்." இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழிக்கிறான். தெரியாமல் நடந்தது என்று எழுதினான். அழித்தான். அப்பாவின் ரத்தம் என்று எழுதினான். அது நன்றாக இருந்தது, அதனாலேயே அழித்தான்.

ஏனென்றால் அப்பா கதை அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், ஒயர்களைச் செருகியபடியே, அந்தச் சின்னக் குரலில் அவன் அதைச் சொல்வான்; மற்ற எதற்கும் எட்டாத குரல் அதற்கு மட்டும் கடைசி வரிசை வரை எட்டும். எங்கப்பா சங்கரன்கோவிலில் பால்பாண்டி சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். வீட்டு முன்னறைதான் கடை. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், நாலு மைக். எங்கம்மா சொர்ணத்தை அடிக்கும்போது எங்கப்பா செட்டைப் போட்டுவிடுவார். விசேஷ வீடுகளில் முதலில் போடுகிற சாமிப் பாட்டு. தெருவில் கேட்டால், பால்பாண்டி செட்டு டெஸ்ட் பண்ணுதான் என்பார்கள். அடிப்பது மைக் ஒயரால், இரண்டாக மடித்து. நான் இந்தச் சத்தத்துக்குள்ளே பிறந்தவன், இதுதான் என் தாலாட்டு. இந்த இடத்தில் யாராவது ஒருத்தர் மூச்சை உள்ளே இழுப்பார். அதற்காக ஒரு விநாடி நிறுத்துவான். அப்புறம் குமிழைத் திருப்புவான். அப்பா செத்து நாலு வருஷமாகிறது, அம்மாவின் இடது காது இன்றைக்கும் மந்தம், அந்த ஒரு கதையால் இவனுக்கு பெங்களூரிலும் கொச்சியிலும் ஆட்களைத் தெரியும். எங்கப்பா கூட்டுவார். அந்த வரியில்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எதுவோ தடுக்குகிறது, செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி. எங்கப்பா கூட்டுவார். எந்தக் கையால்? அம்மாவின் கொண்டையை ஒரு கை பிடித்திருக்கும், சுவரோடு சேர்த்து, கொண்டை ஊசி சுவரில் கீறுகிற சத்தத்தோடு. ஒயர் ஒரு கையில். செட்டு இருப்பது வாசல் பக்கம், மேஜைமேல். சரி, முதலிலேயே கூட்டி வைத்துவிட்டு அடிக்க வருவார். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அடி ஆரம்பித்த பிறகுதானே சத்தம் ஏறும், அம்மா ஓங்கி அலறும்போது பாட்டும் ஓங்கும், அம்மா விசும்பலுக்கு இறங்கும்போது பாட்டும் இறங்கும், இரண்டும் ஒன்றின் நிழல் ஒன்று மாதிரி. அது எப்படி. இந்த எப்படிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் வேறு எதையாவது நினைக்கத் தோன்றும், யாரையாவது அடிக்கத் தோன்றும்.

"என்னா தம்பி, இதையே மொறைச்சுப் பாத்துனு இருக்கற, கடிச்சிடுமா?" என்றார் பாய். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். "பாரேன், யார் வேணாம்னா." இரும்பு மிக்ஸரின் ஒயரைப் பாய் கடை ஸ்பீக்கரில் மாட்டினார். கனிராஜ் பையிலிருந்து தன் சின்ன ஒயரை எடுத்து வெளியே போகிற துளையில் ஒரு முனையும் உள்ளே வருகிற துளையில் மறுமுனையும் செருகினான். "தப்பா சொருவறான் பாரு," என்றார் ஏகாம்பரம். பாய் கையை நீட்டி, "தம்பி, அவுட்ட இன்னுல குடுக்கக் கூடாது, வாயால கக்குனத மறுபடி அந்த வாயிலயே" என்று ஆரம்பித்து, அதற்குள் இவன் குமிழைத் தொட்டுவிட்டான். இறுகிய குமிழ், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. முதலில் வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு உறுமல். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பின்களெல்லாம் நடுங்கின. நன்றாக இருந்தது. நாலு நாள் கழித்துத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம். உறுமல் பல்லைக் காட்டியது, பிளந்தது, அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய கீச்சு கிளம்பி மேலே மேலே போயிற்று. சந்தில் போனவர்கள் நின்றார்கள். ஒருத்தி குழந்தையின் காதைப் பொத்தினாள். "கொறை தம்பி" என்றார் பாய். கேட்டது. குறைக்கவில்லை. இந்தக் கீச்சுக்கு அடியில் எதை வேண்டுமானாலும் செய்யலாம், பைக்கில் இடித்த அந்த ஆளின் தாடையைப் பெயர்க்கலாம், இந்தக் கண்ணாடியைக் குத்தி உடைத்து அந்தத் துண்டாலேயே, ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்காது, உலகம் முழுக்க ஒரு மூடி போட்ட சட்டி, உள்ளே நீயும் நீ அடிக்கிற ஆளும் மட்டும். "பாய், கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்து நிக்கப் போவுது" என்று ஏகாம்பரம் கத்தியது வாயசைவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மயிரிழை. பாய் எட்டி இவன் வலது மணிக்கட்டைப் பிடித்தார். பெரிய கை, ஸ்பீக்கர் தூக்கித் தூக்கிக் காய்த்த கை. பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பினார். வலித்தது. வலி தோள் வரைக்கும் ஓடியது. வாயைத் திறந்தான். அதே நேரத்தில் அவன் இடது கை, யாரும் சொல்லாமல், பெட்டியைத் தாண்டிப் போய்க் குமிழைப் பிடித்து இன்னும் கூட்டியது. கனிராஜ் அதைப் பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை பார்த்த மாதிரியே. ஒரே ஒரு வித்தியாசம். இன்றைக்கு அது அமுக்கப் போனது அவன் அலறலைத்தான்.

அப்போது கரண்ட் போயிற்று. ரிச்சி தெரு முழுக்க ஒரே வெட்டில். ஃபேன், டியூப்லைட், எதிர்க்கடை டிவி, ஊளை, எல்லாம். அந்த மௌனத்தில் தன் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தத்தை அவன் கேட்டான், மெல்லிசாக, ஆ என்று ஒன்று, நடுவில் நின்றது. பாய் கையை விட்டார். அந்த மௌனம் தெரிந்த மௌனம். அதற்குள் ஏற்கெனவே ஒருமுறை நின்றிருக்கிறான். சங்கரன்கோவிலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடிபம்பில் பெண்கள் குடத்தோடு நிற்கிற நேரம். பாட்டு உச்சியில் இருக்கும்போது கரண்ட் போனது. போனதும் அதற்கு அடியில் இருந்தது அப்படியே அம்மணமாகத் தெருவுக்கு வந்தது: ஒயர் காற்றைக் கிழிக்கிற சத்தம், சதையில் விழுகிற சத்தம், அம்மா. பம்பு அடிக்கிற சத்தம் நின்றது. குடம் ஒன்று கல்லில் உரசியது. அதற்கு அப்புறம் அப்பா நிறுத்திவிட்டார், கரண்ட் போனதால் அம்மா பிழைத்தாள், இதையும் மேடையில் சொல்வதுண்டு, இந்த இடத்தில் சிலர் சிரிப்பார்கள், அது நல்ல சிரிப்பு. நிறுத்தியதும் அப்பா என்ன செய்தார் என்பதை மட்டும் சொன்னதில்லை. அது கதையில் இல்லை. ஒயரை ஓங்கியபடியே அப்பா திரும்பினார். வேர்வை மூக்குநுனியில் தொங்கிற்று. திரும்பி இவனைப் பார்த்தார். பார்த்து, "ஏம்ல அமத்துன?" என்றார். பாய் கடைக்குள் இருட்டில் நின்றுகொண்டிருந்த கனிராஜ் அதை மறுபடி சொல்லிப் பார்த்தான். ஏம்ல அமத்துன. செட்டு அப்பா கையில் இருந்திருந்தால், ஏன் அணைத்தாய் என்று அப்பா ஏன் இவனைக் கேட்க வேண்டும். "நான் அமத்தல, கரண்டு போச்சு" என்று சொன்ன குரலும் ஞாபகம் வந்தது, எட்டு வயசுக் குரல், முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, குற்றமில்லை என்று காட்ட. கை அப்போதும் குமிழின் மேல்தான் இருந்தது. கறுப்புக் குமிழ், நுனியில் வெள்ளைக் கோடு, நடுவில் தேய்ந்து பளபளப்பு. "கனி, கூட்டு" என்பார் அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே. அவ்வளவுதான், வேறு சொல்ல வேண்டாம். ஸ்டூலைப் போட்டு ஏறி நிற்பான். பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான், பார்க்கத் தேவையில்லை, காது போதும். அம்மா சத்தம் ஏறினால் ஏற்ற வேண்டும். இறங்கினால் இறக்க வேண்டும். ரொம்பக் கூட்டினால் தெருக்காரன் சண்டைக்கு வருவான், ரொம்பக் குறைத்தால் அம்மா சத்தம் வெளியே கேட்டுவிடும். நடுவில் ஒரு மட்டம் இருக்கிறது. அந்த மட்டத்தை அவன் சரியாகப் பிடிப்பான். "எம்பிள்ளைக்கு என்ன காதுங்க" என்று அப்பா டீக்கடையில் சொல்லித் தோளில் தட்டியிருக்கிறார், எல்லோருக்கும் முன்னால், அன்றைக்கு ஒரு பன் வாங்கித் தந்தார். அது இனித்தது. மறுநாள் அப்பா சட்டையைக் கழற்றுவாரா என்று இவன் ஓரக்கண்ணால் பார்த்ததும் உண்டு. அதையும் அவன் இப்போது பார்த்தான்.

தெருவில் ஒவ்வொரு கடையாக ஜெனரேட்டர் கிளம்பியது. "உக்காருப்பா, மூஞ்சி வெளுத்துப் போச்சு, நான் ஒண்ணும் முறுக்கல, லேசாதான் புடிச்சேன்," என்று பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஸ்டூலைப் பார்த்ததும் கனிராஜ் பின்னால் நகர்ந்தான். ஒரு போன் பண்ணிட்டு வர்றேன் பாய் என்றான், பாய்க்கு அது கேட்டிருக்காது, படிக்கட்டைத் தாண்டிச் சந்துக்கு வந்துவிட்டான். புகை, டீசல் நாற்றம், கரும்பு மிஷின், அட்டைப்பெட்டி சுமந்தவர்கள் இவன் தோளை இடித்தபடி. ஒருத்தரையும் அடிக்கத் தோன்றவில்லை. அடிக்க ஆள் வெளியே இல்லை. நாலு முறை மணி அடித்தபின் மெர்லின் எடுத்தாள். எடுத்தேன், பேசு என்கிற மாதிரியான மூச்சு. "அப்பா இல்ல," என்றான். "என்ன?" "அப்பா கூட்டல." "கேக்கல. எங்க நிக்கிற நீ? சத்தமாச் சொல்லு." வாயைக் கையால் குவித்துக்கொண்டு மறுபடி சொன்னான். பக்கத்துக் கடை ஜெனரேட்டர் அதையும் தின்றது. சொல்லாமல் வைத்துவிடலாம், கேட்கவில்லை என்று ஆகிவிடும், அதுவும் ஒரு வழி, அதுதான் எப்போதும் வழி. வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினான். "எங்கப்பா கூட்டல மெர்லின். நான்தான் கூட்டுனேன். அவர் அடிக்கும்போதெல்லாம் ஸ்டூல்ல ஏறி நின்னு நான் கூட்டுனேன். எங்கம்மா கத்துறது வெளிய கேக்காம." அவன் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது அவனுக்கே தெரியாது. கரும்பு மிஷின்காரர் கை கரும்போடு நின்றது. அட்டைப்பெட்டிக்காரர் ஒருத்தர் பாரத்தோடு திரும்பிப் பார்த்தார். அடிபம்பில் நின்ற பெண்கள் பார்த்த மாதிரியே பார்த்தார்கள். பார்க்கட்டும். "உங்கிட்டயும் அதே கைதான்," என்றான், அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பழகுன கை. அது எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று, யாரோ குழந்தையை அதட்டுவது. பிறகு, "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாமல் எப்படி இருக்கும். பூட்டியா வைத்தார்கள், ஒரே அறை. அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததாலேயே அவன் மறக்க முடிந்தது. "தெரியும்," என்றான். "அப்ப நீ மேடையில சொன்னதெல்லாம்." "பொய்." "பொய்யின்னு சொல்லிட்டா முடிஞ்சிராது." "தெரியும்." "உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள், கோபமில்லாமல், களைத்துப்போய். "என் கை இன்னும் வீங்கித்தான் இருக்கு. பல் தேய்க்க எடது கை. சரி, கேளு. சனிக்கிழமை நான் வாசிக்கிறேன். நான் மட்டும். கதை கிதை ஒண்ணும் கெடையாது. நீ கூட்டத்துல உக்காரு, முன் வரிசையில. நாப்பது நிமிஷம். காதப் பொத்தக் கூடாது, எந்திரிச்சுப் போகக் கூடாது, முக்கியமா கையை மடியில வச்சுக்க." "சரி." "அப்புறம் என்னன்னு எனக்கே தெரியாது. இப்பவே கேக்காத." "கேக்கல." "மிக்ஸர் வாங்கி அக்கா வீட்டு வாசல்ல வச்சிட்டுப் போ. பெல் அடிக்க வேண்டாம்." போனை வைத்துவிட்டாள்.

பாய் கடைக்குள் எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. இவன் திரும்பி வந்ததைப் பார்த்து ஏகாம்பரம் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சந்தில் கத்தியது அவர்களுக்கும் கேட்டிருந்தது என்பது அவர் ஒன்றும் கேலி பேசாததில் தெரிந்தது. கனிராஜ் பெட்டிமேல் இருந்ததை எல்லாம் புதிதாகப் பார்த்தான். எடையைப் பார்க்கவில்லை. இரும்பு மிக்ஸரின் குமிழ் இறுக்கம். வீங்கிய மணிக்கட்டுக்கு ஆகாது. ஊளையை அமுக்குகிறது அவளுக்கு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக்கை எடுத்தான், இலேசு, ஒற்றை விரலால் தொட்டாலே குமிழ் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் மாஸ்டர் வலது கோடியில் இருந்தது. "பாய், மாஸ்டர் எடது கைக்கு வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?" முதல்முறையாகக் காதைக் கிட்டே கொண்டுவராமலே அவருக்குக் கேட்டது. "எடது கையா? உனக்கா?" "இல்ல. வாசிக்கறவங்களுக்கு." பாய் யோசித்துவிட்டு அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். எழுத்தெல்லாம் கவிழ்ந்தது, துளைகள் இவன் பக்கம் வந்தன, மாஸ்டர் குமிழ் எதிர்ப்பக்கம் இடது கோடிக்குப் போயிற்று. "எழுத்தப் பாத்தா வாசிக்கப் போறாங்க? இப்புடி வச்சிக்கச் சொல்லு." இது போதும் என்றான் கனிராஜ். பவர்பேங்கை மாட்டினான், சார்ஜில் ஓடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பாய் எடுத்து வைத்தார், வெளியே போகிற துளையையும் உள்ளே வருகிற துளையையும் இவனே ஒயரால் கட்டினான். கட்டிவிட்டு ஒரு அடி பின்னால் போய் சந்தின் விளிம்பில் நின்றான். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கோத்துக்கொண்டான், போட்டோவுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி. இடது கை உள்ளே, வலது கை அதன் மேலே. "நீங்க கூட்டுங்க பாய்," என்றான். பாய் அவனைப் பார்த்தார். "நானா? முப்பது வருசமா கொறைக்கத்தான் தெரியும் எனக்கு." "எடது கையால. மெதுவா." பாய் இடது கையின் இரண்டு விரலால், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, குமிழைத் தொட்டார். உறுமல் கிளம்பியது. கனிராஜின் இடது கை உள்ளே ஒருமுறை துள்ளியது, சாக்குக்குள் கட்டிய கோழி மாதிரி. அழுத்திப் பிடித்துக்கொண்டான். கீச்சு எழுந்து, மெல்லிசாகி, ஒரு பெண்குரலின் உயரத்துக்கு வந்து அங்கேயே நின்றது. "போதுமா தம்பி?" என்று பாய் கேட்டார். அவன் கோத்த கையை விடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.